பரண் போடப் போகிறீர்களா? இறக்குவதை முதலில் யோசியுங்கள்

வீட்டுக்கு பிளான் போட உட்காரும்போது பூஜை அறை எந்த மூலை, அடுப்பு எந்தத் திசை, வாசல் எத்தனை அடி என்று ஒரு மாதம் பேசுவார்கள். பரண் பற்றிப் பேச்சே வராது. கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பட்டைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி போன் பண்ணி, "சார், லாஃப்ட் எந்தச் சுவத்துல?" என்று கேட்பார். அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் பதில். வீடு இருக்கும்வரை அந்தப் பதிலோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

கும்பகோணத்தைச் சுற்றி வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். இந்தப் பக்கம் பரணுக்கு வேலை அதிகம். பித்தளை அண்டா, தவலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கொலுப் பெட்டி, சீர்வரிசைப் பாத்திரம் என்று தினமும் தேவைப்படாத, ஆனால் யாருக்கும் கொடுக்க மனசு வராத கனமான சாமான்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வீட்டுக்கார அம்மாக்கள் என்னிடம் கேட்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

"தம்பி, நாலு சுவத்துலயும் பரண் போட்டுடுங்க. இருந்துட்டுப் போகட்டும்."

"போட்டுடலாம்மா. ஏறி எடுக்கப்போறது யாரு?"

"பையன் வந்தா எடுப்பான்."

"பையன் எங்க இருக்காரு?"

"பெங்களூர்ல."

இதுதான் விஷயம். பரணில் ஏற்றுவது எப்போதும் சுலபம். குடிபுகும் நாளில் மச்சான், மாமன், லாரிக்காரர் எல்லாரும் இருப்பார்கள்; ஆளுக்கு ஒரு கை கொடுத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். இறக்கும் நாளில் வீட்டில் ஒரே ஆள்தான் இருப்பார். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், முழங்கால் வலி இருக்கும். அவர் தனியாக ஏறி, ஒரு பெட்டியைப் பத்திரமாக இறக்க முடிந்தால் அது நல்ல பரண். உயரம், ஆழம், கதவு, பெட்டியின் அளவு எல்லாவற்றையும் அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நோட்டு, அப்புறம் டேப்

இப்போது இருக்கும் வீட்டில் அடிக்கடி தொடாத சாமான்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த மாதம் கீழே இறங்கும் என்று போடுங்கள். கொலுப் படியும் பொம்மையும் என்றால் புரட்டாசி. அகல் விளக்கு, பெரிய குத்துவிளக்கு என்றால் கார்த்திகை. வெண்கலப் பொங்கல் பானை தை முதல் நாள். வடாம் பிழியும் அச்சு, காய வைக்கும் பாய், ஊறுகாய் ஜாடி மாசி பங்குனியில் இறங்கி ஆனியில் ஏறும். இப்படி மாதம் போட முடிகிற சாமான்தான் பரணுக்கென்றே பிறந்தது. அது எப்போது வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு இறக்கலாம்.

மாதம் போட முடியாதவை கொஞ்சம் இருக்கும். சூட்கேஸ், விருந்தாளி வந்தால் விரிக்கும் மெத்தை, தலையணை. இவை திடீரென்று, பெரும்பாலும் ராத்திரியில் தேவைப்படும். பரணின் முன்பக்கம், ஏணி வைக்கும் இடத்துக்கு நேராக இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். வேறு இடம் இருந்தால் பரணே வேண்டாம். பெட்டி போட்ட கட்டில் இருந்தால் மெத்தைக்கு அதுதான் சரி.

மூன்றாவது வகைக்கு எதிரே எழுத எதுவுமே வராது. பழைய டிவி, மிக்சி வந்த அட்டைப்பெட்டி, தெர்மகோல், எப்போதோ நின்றுபோன டேபிள் ஃபேன், கல்யாண ஆல்பத்தோடு வந்த பெரிய ஃபிரேம். நிறைய வீடுகளில் பாதிப் பரண் இதுதான். வாரண்டி முடியும்வரை அட்டைப்பெட்டியை வைத்திருப்பதில் நியாயம் உண்டு, அதற்குமேல் இல்லை. போகிக்கு முந்தின வாரம் பரணைத் துடைத்து, போன போகியிலிருந்து கை படாத சாமானைப் பழைய பொருள் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். போகி என்பதற்காகப் பிளாஸ்டிக்கையும் டயரையும் தெருவில் போட்டுக் கொளுத்த வேண்டாம். பொங்கல் பானையை எடுக்க எப்படியும் அந்த வாரம் ஏறத்தான் வேண்டும் என்பதால் இது தனி வேலையாகவும் தெரியாது.

பட்டியல் ஆனதும் டேப்பை எடுத்து மூன்று சாமான்களை மட்டும் அளந்தால் போதும்: வீட்டிலேயே பெரிய சூட்கேஸ், பெரிய அண்டா, கொலுப் பெட்டிகளில் பெரியது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பெரிய சூட்கேஸ் சக்கரத்தோடு சேர்த்து இரண்டரை அடி உயரம், ஒன்றேமுக்கால் அடி அகலம் வரை வரும். அண்டாவுக்கு வாய் விட்டத்தோடு காதுகளையும் சேர்த்து அளக்க வேண்டும். கதவு இடுக்கில் மாட்டுவது அந்தக் காதுதான்.

எந்தச் சுவர்

இருப்பதிலேயே நல்ல இடம் குளியலறைக்கு மேல். குளியலறைக்குப் பத்தடி உயரம் தேவையில்லை. ஏழரை அடியில் தளம் போட்டு, மேலே இருக்கும் இடத்தைப் படுக்கையறைப் பக்கமோ நடைப்பக்கமோ திறந்துகொள்ளலாம். நான்கு பக்கமும் சுவர் இருப்பதால் கனமும் தாங்கும். ஒரே குறை, ஆழம் நான்கு ஐந்து அடி போய்விடும். பின்னால் தள்ளிய பெட்டியை எடுக்க ஆள் உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் கதவு வையுங்கள். முடியாவிட்டால் மூன்றாம் வகைச் சாமான்களில் கொடுக்க மனசு வராதவை பின்பாதிக்குப் போகட்டும். கீசரும் அதன் பைப்பும் அந்தப் பரணுக்குள் வராமல் பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைப் ஒழுகினால் முதலில் நனைவது உள்ளே இருக்கும் பெட்டிதான்.

படுக்கையறையில் ஒரே ஒரு சுவரில் போதும். ட வடிவத்திலும் ப வடிவத்திலும் பரண் போட்ட அறைகளில் கட்டிலில் படுத்தால் பெட்டிக்குள் படுத்த மாதிரிதான் இருக்கும். கதவு இருக்கும் சுவர்தான் எனக்குப் பிடித்த சுவர். அறைக்குள் நுழையும்போது பரண் தலைக்குப் பின்னால் போய்விடும், கண்ணில் உறுத்தாது. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் வேண்டவே வேண்டாம். வாஸ்து பார்ப்பவர்கள் கனம் தென்மேற்கில் வர வேண்டும் என்பார்கள். அந்த மூலையில் வசதியான சுவர் இருந்தால் போட்டுவிடுவேன். கட்டில் அங்கேதான் வரும் என்றால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுவேன்.

ஏசி மாட்டப்போகும் சுவரையும் விட்டுவிடுங்கள். ஸ்பிளிட் ஏசியின் உள்பெட்டி மேல்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். அதன் தலைக்கு மேலேயே பரண் உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டும். இன்றைக்கு ஏசி வாங்கும் எண்ணம் இல்லை என்றாலும், எந்தச் சுவரில் வரும் என்று பிளானில் ஒரு குறி போட்டு வைப்பது நல்லது.

சமையலறைப் பரண் வேறு கதை. ஓட்டு வீட்டுக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டியதற்குக் காரணம் விறகுப் புகை. அந்தப் புகையில் விதைக்கும் புளிக்கும் பூச்சி அண்டாது. காஸ் அடுப்பில் அந்தப் புகை கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும்தான் மேலே போகிறது. அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரணில் எதை வைத்தாலும் ஆறு மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். எதிர்ச் சுவரில் போடுங்கள். அங்கேயும் பாத்திரம் மட்டும் போதும். துணியும் காகிதமும் வேண்டாம்.

இனி, யாருமே யோசிக்காத ஒன்று: ஃபேன். பத்துக்குப் பத்து அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 48 அங்குல ஃபேன். நடுவிலிருந்து சுவர் ஐந்தடி. இறக்கை நுனி இரண்டடியில் முடிகிறது. பரண் சுவரிலிருந்து இரண்டடி நீட்டிக்கொண்டு வருகிறது. மிச்சம் ஒரே ஒரு அடி. அந்தப் பரணுக்கு ஒன்றரை அடி அகலக் கதவு போட்டால், திறந்ததும் நேராக இறக்கையில் போய் இடிக்கும். ஏனென்றால் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பதடியில் சுற்றும் ஃபேனும் பரணின் வாயும் ஒரே மட்டம். கதவைவிடப் பெரிய பிரச்சினை, ஏணியில் ஏறும் ஆளுக்கும் அந்த ஒரு அடிதான் இடம். கையைத் தூக்கினால் விரல் இறக்கைக்குப் போகும். அதனால் ஃபேன் சுவிட்ச் ஏணி வைக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அறை சின்னது என்றால் தள்ளுகதவு, அல்லது கதவே இல்லாமல் ஒரு திரை.

உயரமும் ஆழமும்

நம் வீடுகளில் கதவு ஏழடி. அதற்கு மேல் லிண்டல். அந்த மட்டத்திலேயே பரண். கூரை பத்தடி என்றால், பரணின் 3 அங்குலக் கனம் போக இரண்டேமுக்கால் அடி உயரம் கிடைக்கும். நிமிர்த்தி வைத்த சூட்கேஸ் உள்ளே போகும், அடுக்கிய இரண்டு பெட்டிகள் போகும். கூரை ஒன்பதரை அடிதான் என்றால் இடம் இரண்டேகால் அடியாகிவிடும். இன்னும் உயரம் வேண்டும் என்று சிலர் பரணை ஆறரை அடிக்கு இறக்கச் சொல்வார்கள். வேண்டாம். வீட்டில் உயரமான ஆள் ஒருவர் தினமும் தலையில் இடித்துக்கொள்வார்.

ஆழம் இரண்டடி. இதைக் கூட்டச் சொல்லாத ஆளே இல்லை, "ரெண்டரை, மூணு போட்டா நிறைய வைக்கலாமே?" என்பார்கள். ஏணியில் நிற்கும் ஆள் ஒரு கையால் ஏணியையோ பரண் விளிம்பையோ பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினால் எட்டுவது இரண்டடிதான். அதற்கு மேல் எட்டிப் பிடிக்கப் பாதம் ஏணியிலிருந்து கிளம்பும். அந்தக் கூடுதல் ஒரு அடியில் முதல் வருஷம் சாமான் போகும், அப்புறம் தூசிதான் போகும்.

முன் விளிம்பில் ஒரு அங்குல உயரத்துக்குச் சின்னத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். உருளும் பாத்திரம் கீழே வராது. இரண்டு மூன்று அங்குலம் வைத்தால் பெட்டியை இழுக்கும்போது இடறும், ஒரு அங்குலம் போதும். மேல்பரப்பைச் சொரசொரவென்று விட்டுவிடாமல் மழமழவென்று பூசி வெள்ளையடித்துவிடுங்கள். மிச்சமாகும் தரை டைல்ஸை அங்கே ஒட்டினால் இன்னும் நல்லது. ஈரத்துணியால் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம், பெட்டியும் வழுக்கிக்கொண்டு வரும். சுவரில் ஒயரிங் குழாய் பதிக்கும்போதே பரணுக்குள் ஒரு பாயின்ட் கேட்டு வாங்குங்கள். ஐந்து வாட் எல்இடி போதும். ஒரு கையில் செல்போன் டார்ச், இன்னொரு கையில் பெட்டி என்றால் ஏணியை எந்தக் கையால் பிடிப்பது?

கம்பி மேலேயா கீழேயா

இந்த ஒரு பகுதிக்காகவாவது கான்கிரீட் போடும் அன்று வேலையிடத்துக்குப் போய் நில்லுங்கள்.

பரண் பார்க்க லேசாகத் தெரியும். பத்தடி நீளம், இரண்டடி ஆழம், 3 அங்குலக் கனம் என்றால் கான்கிரீட் மட்டுமே 350 கிலோ வரும். சாமான் ஏற்றுவதற்கு முன்பே அத்தனை கனம் சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகையின் முனையில் கனம் வைத்தால் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. ஆகவே நீட்டிய பரணில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், அது லிண்டலுக்குள் நன்றாகப் போய் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் உட்கார்ந்த பரண் என்றால் தலைகீழ். நடுவில் தொய்யும், கம்பி கீழே வர வேண்டும். கம்பியின் விட்டம், இடைவெளி எல்லாம் இன்ஜினியர் சொல்வதுதான்.

வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நடப்பது என்னவென்றால், சட்டியில் கான்கிரீட் கொண்டுவரும் ஆள் கட்டிய கம்பியின் மேலேயே காலை வைத்துத்தான் கொட்டுவார். ஒரு மிதியில் மேலே இருந்த கம்பி, கான்கிரீட்டைத் தாங்க அடியில் கொடுத்த சென்ட்ரிங் பலகையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கான்கிரீட் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. விளிம்பிலிருந்து பார்த்தால் கம்பி முனை தெரியும். பலகையிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். கீழே கிடந்தால், "கம்பிக்குக் கீழ நாற்காலி வைங்க" என்று சொல்லுங்கள். மடித்த கம்பித் துண்டைத்தான் நாற்காலி என்பார்கள். மேஸ்திரிக்குப் புரியும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும் என்றும் புரியும்; அது இன்னும் நல்லது.

அடுத்தது முட்டு. பரணுக்கு மேலே சுவர் ஏறி, அந்தக் கனம் லிண்டலை அழுத்திப் பிடிக்கும்வரை கீழே கொடுத்த முட்டுகளைப் பிரிக்கக் கூடாது. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும். சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார். இன்ஜினியரைக் கேட்காமல் பிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் விடுவதையும் பரணுக்குத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஏழு நாளாவது, முடிந்தால் பத்து நாள், ஈரச் சாக்கு போட்டு நனைக்க வேண்டும்.

கட்டி முடித்த வீடு, வாடகை வீடு

கட்டிய வீட்டில் சுவரைக் கொத்தி கான்கிரீட் பரண் நீட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். நீட்டிய பலகைக்குப் பிடிமானம் வேண்டும். கொத்திய பள்ளத்தில் சொருகிய கம்பிக்கு அது கிடைக்காது. தூணையும் பீமையும் கொத்துவது பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு சுவருக்கு நடுவில் மூன்று நான்கு அடி இடைவெளி, உதாரணமாக நடைக்கு மேல், இருந்தால் இரும்பு ஆங்கிளைச் சுவரில் போல்ட் போட்டு அதன்மேல் கடப்பா கல்லோ பிளைவுட்டோ வைக்கலாம். கடப்பா கல் துடைக்க நன்றாக இருக்கும், கரையான் பிடிக்காது. ஆனால் நீளமாகத் தாங்கல் இல்லாமல் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரண்டடிக்கு ஒரு ஆங்கிள் கொடுங்கள். செங்கல் சுவரில் போல்ட் பிடிக்கும். வெள்ளை நிற ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் உள்ள லேசான கல்) சுவர் என்றால் சாதாரண போல்ட் நிற்காது. அங்கே ஆங்கிளைத் தரையிலிருந்து காலாக எழுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

பிளைவுட் என்றால் 18 எம்எம், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அதற்குக் கீழே போகாதீர்கள். பலகைகள் எட்டுக்கு நான்கு அடியில் வரும். இரண்டடி ஆழப் பரணுக்கு ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் வீணாகாது. வாடகை வீட்டில் சுவரில் கை வைக்காமல் ஏழடி இரும்பு ரேக் ஒன்று போதும். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம்.

கதவு

கதவு இல்லாத பரணில் தூசி சேரும், கதவுள்ள பரணில் குப்பை சேரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். கதவு போடுவதாக இருந்தால் ஆசாரி சட்டம் அடிப்பதற்கு முன் அந்த மூன்று அளவுகளைக் கையில் கொடுங்கள். பத்தடி நீளத்தை அவர் ஒரே அளவாக ஆறு கதவாகப் பிரிப்பார். கதவுக்குக் கதவு ஒரு நடுச்சட்டம் என்று அடித்துக்கொண்டே போவார். பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் அண்டா எந்த இடைவெளியிலும் நுழையாது. ஒரு இடத்திலாவது நடுச்சட்டம் இல்லாமல் மூன்றடி வாய் திறந்திருக்க வேண்டும். கதவின் கைப்பிடி கீழ் விளிம்பில், கீழே நிற்பவர் குச்சியால் தள்ளித் திறக்கும்படி இருந்தால் நல்லது. காற்றுப் போக ஓரத்தில் சின்ன ஜாலி.

வெயில், ஈரம், எலி

மாடி இல்லாத வீட்டில் பரண் என்பது மொட்டை மாடித் தளத்துக்குக் கைக்கெட்டும் தூரம் கீழே இருக்கும் இடம். சித்திரை வைகாசியில் உள்ளே கை விட்டால் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். போட்டோ ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை படத்தோடு ஒட்டிக்கொள்ளும், மெழுகுவர்த்தி வளையும், ரப்பர் சிம்பு சிம்பாகப் போகும். ஆல்பம், பத்திரம், பட்டுப்புடவை இவை பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும். மாடியில் வெதரிங் கோர்ஸ் (வெயிலையும் மழையையும் தடுக்கத் தளத்தின் மேல் போடும் அடுக்கு) போட்டுத் தட்டோடு பதித்திருந்தாலோ, வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ சூடு குறையும், முற்றிலும் போகாது.

மழைக்காலத்தில் வேறு பிரச்சினை. கைப்பிடிச் சுவர் மாடித் தளத்தோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், தண்ணீர் முதலில் இறங்குவது வெளிச்சுவரை ஒட்டிய பரணுக்குள். அது பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பதால் தை மாதம் வரை தெரியாது. அதனால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். முதல் பெருமழைக்கு அடுத்த நாள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

எலி வருவது பெரும்பாலும் ஏசி பைப் போன ஓட்டை வழியாக, இல்லாவிட்டால் ஜன்னல் மேலிருந்து. ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தால் போதும். அட்டைப்பெட்டி எலிக்கும் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறிவிடுங்கள். வாங்கும்போது இரண்டடி ஆழத்துக்குள் அடங்கும் பெட்டியாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. ஒரு துணிப் பொட்டலத்தில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாச்சை உருண்டை போடுகிறவர்களும் உண்டு.

அடுக்கும் முறை, கொலுவை வைத்து

கொலுவை அடுக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுக்கிறோம். அன்றைக்கு எல்லாருக்கும் அசதி. கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பெட்டியில் போட்டு மேலே தள்ளிவிட்டு, அடுத்த வருஷம் தசாவதாரத்தில் வாமனரைத் தேடுவோம்.

பெட்டிக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலு வைக்கும்போது முதலில் தேவை படிக்கட்டு, அடுத்து கலசமும் மரப்பாச்சியும், மேல்படி சாமிகள். ஆகவே இவை பரணில் கடைசியாக ஏற வேண்டும், முன்வரிசையில் இருக்க வேண்டும். செட்டு பொம்மைகளைப் பிரிக்காதீர்கள். தசாவதாரம் என்றால் பத்தும் ஒரே பெட்டி, பெட்டியின் மேல் "தசாவதாரம் 10" என்று எண்ணிக்கையோடு எழுத்து. கிருஷ்ணரின் புல்லாங்குழல், முருகரின் வேல், செட்டியார் கடையின் தராசு மாதிரி கழன்று வருபவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். தனி டப்பா என்றால் அது தனியாகத்தான் போகும்.

பண்ருட்டி, விளாச்சேரி மண் பொம்மைகள் கனம். காகிதக்கூழ் பொம்மைகள் லேசு. கனமானவை கீழே, லேசானவை மேலே என்று ஒரே பெட்டியில் கலக்காமல், மண் பொம்மைக்குச் சின்னப் பெட்டியும் காகிதக்கூழுக்குப் பெரிய பெட்டியும் வைத்தால் எந்தப் பெட்டியும் தூக்க முடியாத கனத்துக்குப் போகாது. சுற்றுவதற்குப் பழைய நூல் புடவை, வேட்டிதான் சிறந்தது. செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும். மை பெயின்ட்டில் ஒட்டும்.

இதே கணக்குதான் மற்றவற்றுக்கும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, துணியில் சுற்றி ஏற்றுங்கள். ஈரத்தோடு போனால் பச்சை பிடித்துத்தான் இறங்கும். நாச்சியார்கோயில் விளக்கு மரை போட்ட துண்டுகளாகக் கழலும். கழற்றி அடிப்பாகத்தைத் தனியாக வைத்தால் ஒரு ஆளே இறக்கலாம். புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஏ4 காகிதக் கட்டே இரண்டரை கிலோ. ஒரு பெட்டி நிறையப் புத்தகம் என்றால் ஏணியில் நின்று அதைத் தாங்க முடியாது. புத்தகத்துக்குப் பரண் வேண்டாம், தரையோடு அலமாரிதான்.

எழுத்தை எப்போதும் பெட்டியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் கீழிருந்து தெரியாது. பெட்டியை மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். பையன் பெங்களூரிலிருந்தே எது எங்கே என்று சொல்வான்.

எது போனாலும் சிலவற்றைப் பரணில் ஏற்றவே கூடாது. காஸ் சிலிண்டர், காலி சிலிண்டரும்தான். தீபாவளிக்கு மிஞ்சிய வெடி, மண்ணெண்ணெய், பெயின்ட்டும் தின்னரும், பழைய இன்வெர்ட்டர் பேட்டரி.

ஏணி

கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் முக்காலி என்று ஏறும் வழக்கத்துக்கு நம் வீடுகளில் எத்தனை இடுப்பு எலும்பு போயிருக்கும்! ஏழடிப் பரணுக்கு மார்பு உயரம் வர, ஐந்தேகால் அடி ஆள் ஒருவர் தரையிலிருந்து மூன்றடி மேலே நிற்க வேண்டும். மூன்றடியில் அகலமான நிற்கும் பலகையும், அதற்கு மேல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் உள்ள அலுமினிய மடக்கு ஏணி வாங்குங்கள். சுவரில் சாய்க்கும் ஏணி டைல்ஸ் தரையில் வழுக்கும். கால்களில் ரப்பர் குமிழ் தேய்ந்தால் மாற்றுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பெட்டியை வாங்கக் கீழே ஒரு ஆள் இருந்தால் நல்லது. இல்லாத நாளில் பெட்டியை இறக்காமல், அதற்குள் வேண்டியதை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

அந்த ஏணிக்கும் பிளானிலேயே ஒரு இடம் வேண்டும். மடக்கினால் அரை அடி கனம், ஒன்றரை இரண்டடி அகலம், ஆளுயரம் இருக்கும். பரண் உள்ள அறையின் கதவுக்குப் பின்னாலோ, பீரோ பக்கத்திலோ அந்த இடுக்கை விட்டு வையுங்கள். மொட்டை மாடியிலோ கார் ஷெட்டிலோ வைத்தால் அதை எடுத்துவர யாருக்கும் பொறுமை இருக்காது. முக்காலிதான் மறுபடி வரும். சில வீடுகளில் ஏணியையே பரணில் ஏற்றி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.